நெருப்பில்லாத அடுப்பு

"எத்தனை பேருக்குங்கக்கா?" என்று கடைப்பெண் கேட்டது செல்வநாயகிக்கு விழவில்லை. அந்தப் பெண் நின்றது இடது காதுப் பக்கம். புருசன் ரங்கராசு அறைந்த அறையில் செத்துப்போன காது அது. வலது காதைத் திருப்பி, "என்ன கண்ணு?" என்றாள். "வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டனுங்கக்கா. ஆளுக்குத் தகுந்த மாதிரி இண்டக்சன் அடுப்பு காட்டலாமுன்னு." ரெண்டு பேர் என்று சொல்ல வேண்டியதுதான். வீட்டில் அவளும் புருசனும் மட்டும்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் ரெண்டு என்று இப்போது சொல்லிவிட்டு, அங்கே போய்ப் பார்க்கும்போது ஒன்றாக ஆகியிருந்தால்? ஒன்று என்றே சொல்லிவிட்டால்? சொன்னதனாலேயே நடந்துவிடுமோ? "சின்னக் குடும்பந்தான் கண்ணு, விலை கம்மியா இருந்தாப் போதும்" என்றாள். சொன்னது தன் குரல் மாதிரி இல்லை, பக்கத்தில் நின்ற யாரோ சொன்னது மாதிரி இருந்தது. பெண்ணின் சட்டையில் பர்வீன் என்று பெயர் குத்தியிருந்தது. பர்வீன் அலமாரியிலிருந்து கறுப்புக் கண்ணாடிப் பலகை போன்ற ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் நாயகியின் முகம் தெரிந்தது, தண்ணீருக்கு அடியில் கிடக்கிறவளின் முகம் மாதிரி.

நூல் வரவில்லை என்று பனியன் கம்பெனியில் மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். செக்கிங்கில் கூட இருந்த பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். நாயகி ஓடவில்லை. சம்பளப் பணம் ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக் கிடக்க, ரோட்டோரமாக நடந்து வந்து, இந்தக் கடையின் குளிர் முகத்தில் அடித்ததும் உள்ளே நுழைந்துவிட்டாள். வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் தெரிந்திருக்கும், காலையில் சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகி மூடினாளா இல்லையா என்பது. மூடியிருப்பாள். மூடினாளா? அடுப்பைத் துணியால் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. அவனுக்குக் கஞ்சியை மூடி வைத்தது, டீச்சட்டியை அடுப்பிலேயே வைத்தது, லைட்டரை அவன் இடது கைக்கு எட்டுகிற மாதிரித் திட்டின் ஓரத்தில் வைத்தது, எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. ரெகுலேட்டர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் மனசு வழுக்கி வழுக்கி லைட்டருக்கே வந்து நின்றது. போன ஆடியில் வாதம் அடித்து ரங்கராசுவுக்கு வலது பக்கம் போயிற்று, பேச்சும் பாதி போயிற்று. ஆனாலும் சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து வந்து இடது கையால் அடுப்பைப் பற்றவைத்து டீயைச் சுடவைத்துக் குடிப்பான். சூடு இல்லாமல் டீ இறங்காது அவனுக்கு. எப்போதும் இறங்கியதில்லை. கடைச் சுவரில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். சுவர் முழுக்க டிவிகள்தான், பெரிசும் சிறிசுமாக, எல்லாவற்றிலும் ஒரே சண்டைக் காட்சி, சத்தமே இல்லாமல். ஒருவன் இன்னொருவனின் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதுகிறான், மோதுகிறான், இருபது டிவியிலும் ஒரே நேரத்தில் மோதுகிறான். அவளுக்குத் தலைமயிர் வேரில் வலித்தது.

"இது டச்சுங்கக்கா. விரலை வெச்சாப் போதும். இந்தாங்க, இது பட்டன் அமுக்குறது. வீட்டுல யாரு சமைப்பாங்க?" "நாந்தான். அவரும் டீ சுட வெப்பாரு. கை நடுங்கும்." "அப்ப பட்டனே எடுத்துக்குங்க. டச்சு, கை நடுங்குனா சொன்ன பேச்சுக் கேக்காது." பர்வீன் சிரித்தாள். வீட்டு பிளக் பெரியதா சின்னதா என்று கேட்டாள். சின்னதுதான் என்றதும், பெரிய வாட் அடுப்பு வேண்டாம், ஒயர் காய்ந்துபோகும், இந்தச் சின்னதே ரெண்டு பேருக்குத் தாராளம் என்றாள். ரெண்டு பேர் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். நாயகிக்கு ஏனோ நெஞ்சுப் பாரம் இறங்கியது. "அலுமினியம் ஆகாதுங்கக்கா, காந்தம் ஒட்டுற பாத்திரந்தான் வெக்கோணும்." அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு காகிதத்தை விரித்து, பட்டனை அமுக்கினாள். உள்ளே விசிறி ஒன்று முனக ஆரம்பித்தது. சற்று நேரத்தில் தண்ணீர் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. "பாருங்க, தாளு கருகவே இல்ல. நெருப்பே இல்லீங்கக்கா. கையை வெச்சுக்கூடப் பாக்கலாம், பாத்திரம் வெக்காத எடத்துல." விளையாட்டாக நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து அடுப்பின் பக்கம் கொண்டுபோனாள்.

நாயகி கையைப் பிடுங்கிய வேகத்தில் பாத்திரம் சாய்ந்து தண்ணீர் மேசையில் ஓடியது. "அய்யோ, சுட்டுருச்சாக்கா?" "இல்ல கண்ணு, இல்ல." சுடவில்லை. அன்றைக்குச் சுட்டது. டீ ஆறிப்போனது அன்றைக்கும். டெம்போ லோடு இறக்கிவிட்டு வந்த ரங்கராசு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான், அவ்வளவு மெதுவாக வைத்தான், அதுதான் பயம். எறிந்தால் அன்றைக்கு அடி சீக்கிரம் முடிந்துவிடும். மெதுவாக வைத்தால் முடியாது. "சூடுன்னா என்னன்னு உனக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து எரிகிற பர்னருக்கு மேலே நீட்டினான். முதலில் மயிர் பொசுங்கிய நாற்றம்தான் வந்தது, வலி அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தபோது அது வலி மாதிரியே இல்லை, யாரோ வெகுதூரத்தில் கத்துகிறார்கள் என்று இருந்தது. அப்புறம் அவனே பற்பசையைப் பிதுக்கிப் பிதுக்கிப் புண்ணில் தடவினான். அழுதான். "ஏன் நாயகி என்னய இப்படிப் பண்ண வெக்கற?" என்று கேட்டான். அவளும் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள், வெந்துபோகாத கையால். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது, வெந்ததை நினைத்தால்கூட இல்லை. வயிற்றில் உண்டாகியிருந்தபோது உதைத்ததை அவள் நினைப்பதில்லை. அந்தப் பக்கம் மனசு போகும்போதெல்லாம் வேறு எதையாவது, எண்ணெய் தீர்ந்துவிட்டதே, துணி காயப்போடவில்லையே என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது இழுத்தது எலி. போன வாரம் அடுப்புக்குப் பின்னால் ஓடிய எலியைத் துணி துவைக்கிற கட்டையால் அடித்தாள். ஒரே அடியில் முதுகு ஒடிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. கட்டை தூக்கித் தூக்கி விழுந்தது, சுவரில் ரத்தம் தெறித்தது, வாயிலிருந்து என்னென்னவோ வார்த்தை வந்தது, எலியைத் திட்டுகிற வார்த்தை இல்லை அதெல்லாம். நிமிர்ந்தபோது கட்டிலில் படுத்திருந்த ரங்கராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோணிய வாயில் எச்சில் வடிந்தது. அவள் துடைத்துவிடவில்லை.

எலி சாவதற்கு முன்னால் கேஸ் டியூப்பைக் கடித்திருந்தது. ரத்தத்தைக் கழுவும்போதுதான் பார்த்தாள், அடுப்பில் செருகுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பல் பதிந்த வெடிப்பு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாக வாடை. கேஸ்காரன் செய்கிற மாதிரி சோப்பு நுரையைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். சின்னதாக ஒரு குமிழ் எழும்பியது, உடைந்தது, மறுபடி எழும்பியது. அவள் குத்தவைத்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியால் துடைத்துவிட்டு எழுந்து குழம்பு தாளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. புது டியூப் தெருமுனைக் கடையிலேயே தொங்குகிறது, ஆரஞ்சு நிறத்தில், தினம் அந்தக் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். நாளைக்கு வாங்கலாம் என்று நினைப்பாள். நிஜமாகவே அப்படித்தான் நினைப்பாள், அதில் பொய் இல்லை. ராத்திரி மூடிவிடுவாள், கூடவே அவளும் படுக்கிறாளே. காலையில் மட்டும் மூடினோமா இல்லையா என்று மறந்துபோகும். கம்பெனியில் சிப்பம் பிரித்துப் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்க்கிற கை தானாக வேலை செய்ய, மனசு வீட்டுக்குப் போய்விடும். சமையல்கட்டு சன்னல் சாத்தியிருக்கும். வாடை தரையோடு தரையாகப் படிந்து கட்டில்வரை வந்திருக்கும். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவான். இடது கை லைட்டரை எடுக்கும். அந்த இடத்தில் அவள் மெதுவாக்கிக்கொள்வாள். கட்டைவிரல் லைட்டரை அமுக்குவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சூடென்றால் என்னவென்று. பிறகு கம்பெனிக்கு போன் வரும், சூப்பர்வைசர் முகம் கறுத்து வந்து நிற்பார், அவள் வாயில் அடித்துக்கொண்டு அழுவாள். அழுகைகூட எப்படியென்று யோசித்து வைத்திருந்தாள். போலீஸ் வந்து பார்த்தாலும் டியூப்பில் இருப்பது எலியின் பல் தடம்தானே.

"இதுல இன்னொரு வசதி இருக்குதுங்கக்கா" என்று பர்வீன் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பாத்திரத்தை எடுத்தாத் தானா நின்னுரும். மறந்துட்டு வெளிய போனாலும் ஒண்ணும் ஆகாது. எங்க அத்தா மறதிக்காரரு, அவருக்குன்னே இதை வாங்கிப் போட்டிருக்கோம்." மறந்துவிட்டுப் போனாலும் ஒன்றும் ஆகாது. அதற்காகத்தான் வந்தேன் கண்ணு, என் மறதிக்காகத்தான் வந்தேன் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. புது டியூப் மாட்டினால் போதாதா என்று கேட்பாள். போதாது. டியூப் புதுசாக இருக்கும், கை பழைய கைதானே. போன மாதம் குளிப்பாட்டும்போது அவன் சோப்புத் தண்ணீரைத் துப்பினான் என்று கன்னத்தில் அறைந்தாள். விரல் பதிந்தது. உள்ளங்கை வெகுநேரம் இனித்துக்கொண்டே இருந்தது, வெல்லம் பிசைந்த மாதிரி. ஒருநாள் சோற்றை ஆவி பறக்க அப்படியே அள்ளி ஊட்டிவிட்டு, அவன் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணை உருட்டுவதைப் பார்த்தாள். பார்த்தது அவள்தான், வேறு யாரும் இல்லை. விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது: அவன் நன்றாக இருந்தபோது போக பயம், இப்போது போனால் பீ மூத்திரம் யார் அள்ளுவது. அது சரியான பதில்தான். ஆனால் அடியில் இன்னொன்று கிடந்தது. போய்விட்டால் அவன் சாவதைப் பார்க்க முடியாது. அதை நினைத்ததும் குளிரூட்டிய கடையில் அவளுக்கு அக்குள் நனைந்தது.

"பில் போட்டுரலாமாக்கா?" "போட்டுரு கண்ணு." பர்வீன் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் போனாள். நாயகி டிவிகளின் முன்னால் தனியாக நின்றாள். மேசையில் தலை மோதப்பட்டவன் இப்போது எழுந்துவிட்டான். மற்றவனைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். சுவர் பிளந்தது, செங்கல் சிதறியது, அவன் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தான். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. எல்லா டிவியிலும் தட்டு பறந்தது. சுவர். சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சரசக்கா வீடு. வளவில் எல்லா வீடும் ஒட்டு வீடு, ஒரே சுவர்தான், இங்கே தும்மினால் அங்கே கேட்கும். பிரசவத்துக்கு வந்த சரசக்கா மகள் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அந்தச் சுவரை ஒட்டித்தான் விட்டத்தில் தொட்டில் கட்டியிருக்கிறது. வாரம் முழுக்க அவள் அத்தனை தடவை வெடிக்க வைத்துப் பார்த்தாளே, ஒரு தடவைகூட அந்தச் சுவரைத் தாண்டிப் போகவில்லையே. அவள் நினைப்பில் வெடி அவனோடு நின்றது, அவன் முகத்தோடு நின்றது. நேற்றுக்கூட அந்தக் குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சினாள். பால் வாசம் அடிக்கும் உச்சந்தலையை முகர்ந்தாள். முகர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, காலையில் எழுந்து, லைட்டரை எட்டுகிற இடத்தில் எடுத்து வைத்தாள்.

போனை எடுத்துச் சரசக்கா நம்பரை அமுக்கினாள். வலது காதில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அமுக்கிக்கொண்டே கல்லாவுக்கு வந்தாள். "கார்டுங்களா, பணமுங்களா?" என்று கல்லாக்காரர் கேட்டார். பணத்தை உருவி அப்படியே வைத்தாள். மீதியை எண்ணி நீட்டியபோது அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். "அக்கா, மீதி, அக்கா" என்று பர்வீன் ரோடுவரை ஓடிவந்து கையில் திணித்தாள். "கேரண்டி கார்டு உள்ள இருக்குதுங்கக்கா. யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா?" நாயகி ரோட்டில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். உள்ளே விழுந்தாள். சரசக்கா ஏன் எடுக்கவில்லை? எடுக்க ஆள் இல்லை. எடுக்க வீடு இல்லை. மூன்றாம் தடவை அமுக்கினாள். பாலம் ஏறியபோது தூரத்தில் வீட்டுப் பக்கம் கரும்புகை தெரிந்தது. "அதென்னுங்க புகை?" என்று அலறினாள். ஆட்டோக்காரர் பயந்துபோய்த் திரும்பினார். "சாயப்பட்டறை கொழாயிங்கம்மா. தினமும் வர்ற புகைதானே." தினமும் வருகிற புகைதான். தினமும் பார்க்கிறாள். சாகட்டும் என்று நினைத்த வாயால் சாமி சாமி என்று முனகினாள். யாருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தொட்டிலுக்காகத்தான். அவனுக்காக இல்லை. தொட்டிலுக்காக மட்டும்தான். அவன் எரிந்தால் தொட்டில் எரியும், அதனால் அவன் எரியக் கூடாது, அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி அடிவயிற்றிலிருந்து எழும்பி உடைந்தது.

வளவு அப்படியே இருந்தது. சரசக்கா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "என்ன நாயகி, இன்னைக்கு நேரமாவே வந்துட்ட? கையில என்ன பொட்டி?" நாயகிக்கு மூச்சு வாங்கியது. "போன் பண்ணேனுங்கக்கா." "போனு உள்ள சார்ஜுல கெடக்குது. கொழந்தை தூங்குறான்னு சத்தத்தைக் கொறச்சு வெச்சா எம் மவ. ஏன், என்னாச்சு?" "ஒண்ணுமில்லீங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

வாடை இல்லை. சமையல்கட்டு சன்னல் விரியத் திறந்து கிடந்தது. அவள் திறந்து வைக்கவில்லை. டீச்சட்டி காலையில் வைத்தபடியே இருந்தது, டீயில் ஆடை படர்ந்து அதில் ஒரு ஈ ஒட்டியிருந்தது. குனிந்து ரெகுலேட்டரைத் தொட்டாள். மூடியிருந்தது. அப்படியானால் அவள் மூடித்தான் போயிருக்கிறாள். கடவுளே, மூடித்தான் போயிருக்கிறாள். திரும்பினாள். ரங்கராசு கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கை மடியில் லைட்டரை இறுக்கிப் பிடித்திருந்தது. "நா... நான்" என்றான். "மூ... மூடினேன்." அவளுக்குப் புரியவில்லை. அவன் சமையல்கட்டைக் காட்டினான். வெளிக்கதவைக் காட்டினான். "நீ... போனதும். தெ... தெனம்." நாக்கு அடுத்த சொல்லுக்குத் தடுமாறியது, கழுத்து நரம்பு புடைத்தது. "எனக்கு... தெரியும்."

கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்பின் பின்பக்கம்வரை தெரியும் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தினமும் அவள் கதவைச் சாத்தியதும் அவன் சுவரைப் பிடித்து, காலை இழுத்து, விழுந்து எழுந்து, ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, லைட்டரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பியிருக்கிறான். டீயை ஆறினபடியே குடித்திருக்கிறான். சாயங்காலம் அவள் வருவதற்குள் சன்னலைச் சாத்தி, லைட்டரைப் பழைய இடத்தில் வைத்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சரசக்கா இருந்தாள், ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. யாரிடம் சொல்வது, சொன்னால் அப்புறம் யார் சோறு போடுவது என்று கணக்குப் போட்டிருப்பான். இந்தக் கணக்கை அவள் அறிவாள். காது போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னபோது அவள் போட்ட கணக்கு அது.

நாயகி பெட்டியைப் பிரித்தாள். அடுப்பைத் திட்டில் வைத்து பிளக்கைச் செருகினாள். எவர்சில்வர் பாத்திரத்தில் பாலை ஊற்றி வைத்து பட்டனை அமுக்கினாள். விசிறி முனகியது. அவன் அந்தச் சத்தத்துக்கே உடம்பைச் சுருக்கினான். பால் பொங்கி வந்தது. டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தாள். அவள் கிட்டே போகப் போக ரங்கராசு பின்னால் நகர்ந்தான், நகர இடமில்லாமல் சுவரில் முட்டினான். லைட்டர் தரையில் விழுந்தது. இடது கையைத் தூக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டான். முழங்கை வெளியே, உள்ளங்கை கண்ணின் மேல். அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அப்படி வைத்தால்தான் கண் தப்பும். நாயகியின் உள்ளங்கை மறுபடி இனித்தது. டம்ளர் விளிம்பில் பால் தளும்பியது. கொஞ்சம் சாய்த்தால் போதும். அந்த இனிப்பு கை வழியாக ஏறித் தொண்டைவரை வந்து, அங்கே எச்சிலோடு கசந்தது. "ஏனுங்க" என்றாள். அவனுக்கு வாதம் வந்த பிறகு அவள் வாயில் வராத அழைப்பு அது. "பால்தானுங்க. குடிங்க."

அவன் விரல்களின் இடுக்கால் பார்த்தான். கையை இறக்கினான். சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் டம்ளரைப் பிடுங்கிக் கொதிக்கக் கொதிக்க வாயில் கவிழ்த்துக்கொண்டான். உதடு துடித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, அப்படியும் நிறுத்தாமல் விழுங்கினான். "ஆறட்டும், ஆறட்டும், எதுக்கு இந்த அவசரம்" என்று நாயகி கத்தினாள். டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள், முரட்டுத்தனமாகத்தான் துடைத்தாள், அவளுக்கு வேறு மாதிரித் துடைக்க வரவில்லை. பிறகு இன்னொரு டம்ளரை எடுத்துவந்து கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மீதிப் பாலை ஆற்ற ஆரம்பித்தாள். ஒரு கையை உயர்த்தி ஒரு கையைத் தாழ்த்தி, வெள்ளைக் கயிறு மாதிரிப் பால் இறங்கியது. ரங்கராசுவின் கண் அந்தக் கயிற்றோடு மேலே போய்க் கீழே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை விழித்து அழுதது. ஆவி அடங்கியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது. ஆனாலும் அவனிடம் நீட்டக் கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆற்றினாள்.